குழந்தை இல்லை, நாய்

சென்னையில் இப்போது நாய் வளர்ப்பவர் என்று யாருமே இல்லை. எல்லோரும் பெற்றோர். பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் அடுக்ககங்களில் எதற்குள் போனாலும், சாயங்காலம் ஐந்தாறு ‘டாக் மாம்’களும் ‘டாக் டாட்’களும் கீழே நடந்துகொண்டிருப்பார்கள். “பையன் காலையிலேர்ந்து சரியாவே சாப்பிடல.” “பொண்ணுக்கு சண்டே பர்த்டே, கண்டிப்பா வந்துடுங்க.” அந்தப் பையனுக்கும் பொண்ணுக்கும் இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்கு இருக்கும். “அம்மா இன்னிக்கு என்னை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனாங்க” என்று நாயே டைப் செய்வது மாதிரி பதிவுகள் வரும்.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு ஒரு மீம் போதும். என் புகார் வேறு. நம் வீட்டு நாய்களும் பூனைகளும் நோயில் விழுவதற்கும் காலத்துக்கு முன்னால் சாவதற்கும் இந்தக் ‘குழந்தை’ என்ற சொல் பங்களிக்கிறது. யாருக்கும் பாசம் குறைவு என்று நான் சொல்லவே மாட்டேன், பாசம் வழிந்து ஓடுகிறது. அந்தப் பாசம் ஒரு தப்பான படத்தின் மீது கொட்டப்படுகிறது. நான்கு கால், வால், வேறு கல்லீரல், வேறு பல், வேறு ஆயுள் கொண்ட ஒரு உயிர் எதிரில் நிற்கிறது. நாமோ அதற்குப் பின்னால் ஒரு மனிதக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கால்நடை மருத்துவர் சொல்லும் சாதாரண அறிவுரைகளில் பாதி நம் காதில் ஏறாமல் போவது இதனால்தான்.

‘வார்த்தைதானே, விடுங்க’ என்று சொல்ல வருபவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

முதலில் முகம்.

கான்ராட் லோரென்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1943இல் ஒரு விஷயத்தை எழுதினார். பெரிய தலை, உருண்ட நெற்றி, முகத்தின் கீழ்ப்பாதியில் பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டி மூக்கு: இந்த அமைப்பை எங்கே பார்த்தாலும் மனிதனுக்குள் பாதுகாக்கும் உணர்ச்சி தானாகக் கிளம்புகிறது. குழந்தையைப் பார்த்தால் வருவது பொம்மையைப் பார்த்தாலும் வரும், பக் நாயைப் பார்த்தாலும் வரும்.

பக் இயற்கையில் அப்படி வரவில்லை. மூக்கு குட்டையானதையும் முகம் தட்டையானதையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து, மனிதக் குழந்தையின் முகத்தை ஒரு நாயின் மண்டை ஓட்டில் செதுக்கியிருக்கிறோம். எலும்பு குட்டையானது. ஆனால் உள்ளே இருக்கும் தசை அதே அளவுக்குக் குட்டையாகவில்லை. மென் அண்ணம் தொண்டைக்குள் நீண்டு தொங்குகிறது. மூக்குத் துளை கோடு போல ஒடுங்கியிருக்கிறது. பக் தூங்கும்போது விடுகிற குறட்டையை வீடியோ எடுத்து ‘க்யூட்’ என்று போடுகிறோமே, அது காற்று போதாமல் ஒரு பிராணி மூச்சுக்கு மல்லாடும் சத்தம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அது உடம்பைக் குளிரவைக்கப் போதாது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான் அதன் ஏசி. மூக்கின் உள்பரப்பிலும் நாக்கிலும் ஈரம் ஆவியாகி ரத்தம் குளிர வேண்டும். அந்த மூக்கைத்தான் நாம் எடுத்துவிட்டோம். எடுத்துவிட்டு, மே மாதச் சென்னையில், காற்றில் ஈரம் நிறைந்து எதுவுமே ஆவியாகாத ஊரில், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தார்ச்சாலையில் நடக்க வைக்கிறோம்.

லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. மற்ற நாய்களோடு ஒப்பிட்டால் பக் நாய்க்கு ஒரு வருடத்தில் ஏதேனும் ஒரு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, மூச்சுப்பாதை அடைப்பு வரும் வாய்ப்பு 50 மடங்குக்கும் மேல் என்றது. உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கை இனி ஒரு சராசரி நாயாகக் கருத முடியாது என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. அது லண்டன் குளிரில் எடுத்த கணக்கு என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இந்தியாவில் பக் பரவிய கதை நம் தலைமுறைக்குத் தெரியும். 2003 வாக்கில் ஹட்ச் விளம்பரம் வந்தது. ஒரு சிறுவன் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு பக் நடக்கும். அழகான விளம்பரம்தான். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பக் வந்தது. நாய் வேண்டும் என்று போனவர்களைவிட ‘அந்த ஹட்ச் நாய்’ வேண்டும் என்று போனவர்கள் அதிகம். கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த இனங்கள் உள்ள மாநிலம் இது. தெருவில் யாரும் தத்தெடுக்காத நாட்டுக் குட்டிகள் இன்னொரு பக்கம். ஆனால் அவற்றுக்கு நீள மூக்கு. குழந்தை முகம் இல்லை.

தமிழக அரசு 2024இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட சில வெளிநாட்டு இனங்கள் நம் வெப்பத்துக்குப் பொருந்தாதவை, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது அது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சட்டச் சண்டை எப்படியும் போகட்டும். வாங்குவதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் போய், ‘நான் மூணாவது மாடியில இருக்கேன், பகல்ல வீட்ல யாரும் இருக்க மாட்டோம், எனக்கு எந்த மாதிரி நாய் சரிப்படும்’ என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? பைக் வாங்க நான்கு யூடியூப் ரிவியூ பார்க்கும் நாம், பன்னிரண்டு வருஷம் உடன் இருக்கப் போகும் உயிரை முகத்தைப் பார்த்து வாங்குகிறோம். பெற்ற குழந்தையை யாரும் முகம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. உவமை முதல் படியிலேயே உடைகிறது. உடைந்ததை மறைக்கத்தான் அத்தனை செல்லப்பெயர்கள்.

*

இரண்டாவது, தடுப்பூசி அட்டை.

சரி, குழந்தை என்றே வைத்துக்கொள்வோம். மனிதக் குழந்தைக்குத் தமிழ்நாட்டில் தடுப்பூசி தவறுவது அபூர்வம். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருவார். அட்டை பீரோவில் நகையோடு இருக்கும். ‘பையன்’ விஷயத்தில் என்ன நடக்கிறது? குட்டி வந்த வாரம் ஒரு ஊசி, பிறகு மூன்று வாரம் கழித்து இன்னொன்று. அதற்கப்புறம் “ரெண்டு போட்டாச்சே, ஆக்டிவாத்தான் இருக்கான்” என்று நிறுத்திவிடுகிறார்கள். நான்கு மாதத்தில் ஒரு நாள் வாந்தி, மறுநாள் ரத்தபேதி. பார்வோ.

மூன்றாவது ஊசி எதற்கு என்று யாரும் பொறுமையாக விளக்குவதில்லை என்பதால் இங்கே விளக்குகிறேன். குட்டி சீம்பால் குடிக்கும்போது தாயின் எதிர்ப்பொருள்கள் அதன் ரத்தத்தில் சேர்கின்றன. அவை குட்டியைக் காப்பாற்றுகின்றன. ஆனால் ஊசி வழியாக உள்ளே போகும் பலவீனமாக்கப்பட்ட வைரஸையும் அவை அழித்துவிடும். ஊசி போட்டும் பயனில்லாமல் போகும். தாயின் எதிர்ப்பொருள் போகப்போகக் குறையும். எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு எட்டாவது வாரம், அதன் கூடப்பிறந்ததுக்குப் பதினான்காவது வாரம். அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியைப் பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறார்கள். கடைசி ஊசியைத் தவிர்த்தால், முன்பு போட்ட இரண்டில் ஒன்றாவது வேலை செய்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. இது எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ரீட்ரை லாஜிக். எப்போது சர்வர் தயாராகும் என்று தெரியாதபோது இடைவெளி விட்டு மறுபடி மறுபடி தட்டுவோமே, அதேதான்.

பார்வோ பழைய நோய்கூட இல்லை. 1978 வாக்கில் உலகம் முழுக்கத் திடீரெனப் பரவிய வைரஸ் அது. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை இரண்டும் ஒரே நேரத்தில் போகும். குட்டி பேதியில் நீரை இழந்துகொண்டிருக்கும்போதே தொற்றை எதிர்க்க வெள்ளை அணுவும் இருக்காது. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, நாட்களை ஓட்டுவதுதான் சிகிச்சை. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வழக்கமான ஃபினாயிலுக்கு அசைந்து கொடுக்காது, ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும். குட்டி இறந்த துக்கத்தில் அடுத்த மாதமே இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவந்து, அதையும் பறிகொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். “எங்க ராசி அப்படி” என்றார் அந்த வீட்டு அக்கா. ராசி இல்லை அக்கா, தரை.

இதில் விற்பவர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கப் போகும் இடத்தில் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். “சார், முப்பத்தஞ்சு நாள் குட்டி, இப்ப எடுத்தாத்தான் உங்ககிட்ட ஒட்டும்” என்று பதில் வரும். நாமும் ‘பச்சைக் குழந்தை’ கையில் வந்த பூரிப்பில் வாங்கிக்கொள்வோம். தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கற்க வேண்டிய காலத்தில் அதைப் பிரித்து எடுத்திருக்கிறோம் என்பது உறைக்காது.

ரேபிஸ் ஊசி தனி விஷயம், அது உங்கள் நாய்க்கு மட்டுமானதும் இல்லை. உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அறிகுறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. “எங்க பொண்ணு வீட்டை விட்டே வெளிய போக மாட்டா, அவளுக்கு எதுக்கு” என்கிறார்கள். பால்கனிக்குப் பூனை வரும். லிஃப்டில் அடுத்த வீட்டுக் குழந்தை கையை நீட்டும். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருடத்தில் அடுத்தது, பிறகு மருத்துவர் எழுதித் தரும் தேதியில். அவ்வளவுதான். செல்லப்பெயரால் ரேபிஸை நிறுத்த முடியாது.

*

மூன்றாவது, தட்டு. இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது.

“எங்க வீட்ல பூனைகூட சைவம்.” இதைப் பெருமையாகச் சொல்லும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பூனை தயிர்சாதம் சாப்பிடும், பருப்புசாதம் சாப்பிடும், நெய் விட்டால் விரும்பிச் சாப்பிடும். அந்தப் பூனைக்கு இரண்டு மூன்று வருடத்தில் கண் மங்கும், அல்லது ஒரு நாள் மூச்சு இரைக்கும். காரணம் டாரின் என்ற ஒரு சத்து. நம் உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையின் உடலால் போதிய அளவு முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. டாரின் இல்லாவிட்டால் விழித்திரை சிதையும், இதயத் தசை பலவீனமாகி ஊதிப்போகும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இலேயே அமெரிக்காவில் உறுதி செய்யப்பட்டது. அதன்பிறகு பூனை உணவுக் கம்பெனிகள் டாரின் அளவை உயர்த்தின, அங்கே அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. நாம் இன்னும் தயிர்சாதத்தில் இருக்கிறோம்.

இதை அறியாமை என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. வீட்டில் பிறந்த பிள்ளை அந்த வீட்டின் ஆசாரத்தைத்தானே சாப்பிட வேண்டும்? ‘குழந்தை’ என்று சொன்ன கணத்திலேயே பூனைக்குச் சாதி வந்துவிடுகிறது. சென்னையில் ‘வெஜிடேரியன் ஒன்லி’ என்று சொல்லி வீடு வாடகைக்கு விடுபவர்களைப் பற்றிப் பேசினால் கொதிப்போம். அந்த வீட்டுக்குள் ஒரு மாமிச உண்ணி தினமும் பருப்புசாதத்தின் முன் உட்காரவைக்கப்படுவது நமக்கு அழகான ரீல்ஸ். பூனை எந்த ஆசாரத்திலும் சேராது. உங்களால் வீட்டுக்குள் மீனோ கோழியோ நுழைய விட முடியாதென்றால், பாக்கெட்டில் வரும் முறையான பூனை உணவையாவது நுழைய விடுங்கள். அதுவும் முடியாதென்றால் பூனை வளர்க்காதீர்கள். முயல் வளருங்கள். அது நிஜமாகவே சைவம்.

நாய்க்குப் பிரச்சினை எதிர்ப்பக்கம். அதற்குப் பசி தீர்வதே இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. மேஜை அருகே உட்கார்ந்து பார்க்கும் அந்தப் பார்வையைக் குழந்தையின் பசியாகப் படிக்கிறோம். ஆளுக்கு ஒரு பிஸ்கட், பாட்டி தனியாக ஒரு பிஸ்கட். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வைத்து ஒரு நீண்ட ஆய்வு நடந்து 2002இல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்த உணவில் கால் பங்கைக் குறைத்து மற்றதுக்குக் கொடுத்தார்கள், வாழ்நாள் முழுக்க. குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம்! எந்த டானிக்கும் தராத இரண்டு வருடம். விலா எலும்பைக் கண்ணால் எண்ண முடிந்தால் நாய் மெலிவு, விரலை அழுத்தித் தேடியும் அகப்படாவிட்டால் குண்டு, லேசாகத் தடவினால் தட்டுப்பட்டால் சரி. இந்த ஒரு வரியைச் சொன்ன மருத்துவரிடம் “டாக்டர், பாவம், அவன் கேக்குறான்” என்று பதில் சொல்லும் பெற்றோரை அவர் தினமும் பார்க்கிறார்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். தெரிந்தும் உலர்திராட்சை போட்ட பர்த்டே கேக் வெட்டப்படுகிறது. நாயின் சிறுநீரகத்துக்குத் தேதியும் தெரியாது, மெழுகுவத்தியும் தெரியாது.

*

நான்காவது, மாத்திரை டப்பா.

அடுக்கக வாட்ஸாப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி வரும். “கிட்டிக்கு உடம்பு கொதிக்குது, என்ன பண்ணலாம்?” ஒரு நிமிடத்தில் பதில்: “பாதி டோலோ பொடி பண்ணி பால்ல குடுங்க சிஸ், எங்க வீட்டு குட்டிக்கும் அதான் குடுப்போம்.” அந்த ‘எங்க வீட்டு குட்டி’ மனிதக் குட்டியா பூனைக் குட்டியா என்று யாரும் கேட்பதில்லை. உவமை அவ்வளவு முற்றிவிட்டது.

பாரசிட்டமால் பூனைக்கு விஷம். உவமையாகச் சொல்லவில்லை, அது விஷமேதான். நம் கல்லீரல் அந்த மருந்தை ஒரு குறிப்பிட்ட வழியில் மாற்றி வெளியேற்றுகிறது. பூனையிடம் அந்த வழி ஏறக்குறைய இல்லை. மருந்து நச்சாக மாறி ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுக்கும், ரத்தம் பழுப்பாகும், ஈறு நிறம் மாறும், முகம் வீங்கும், மூச்சு முட்டும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு இபுப்ரோஃபென் கொடுத்தால் இரைப்பையில் புண், பிறகு சிறுநீரகம். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனையின் முதுகில் விட்டால் அதற்கு வலிப்பு வரும். அது நாய் இல்லை, இது பூனை இல்லை, இரண்டுமே மனிதன் இல்லை. கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை வருடம் நீள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு இனமும் தனி வேதியியல்.

உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நாய் வைத்திருப்பவர் இதைத் தாண்டாமல் இருப்பது கடினம். பழுப்பு நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிகியா என்ற பாக்டீரியா உள்ளே போகிறது. காய்ச்சல், சோர்வு, சாப்பாடு இறங்காமை, பிளேட்லெட் சரிவு, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். டாக்ஸிசைக்ளின் ஏறக்குறைய நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார் மருத்துவர். இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து வாலாட்டும். வீட்டில் என்ன முடிவெடுப்பார்கள்? “ஆன்டிபயாடிக் அஞ்சு நாளைக்கு மேல குடுத்தா பிஞ்சு உடம்பு தாங்காது.” நிறுத்துவார்கள். கிருமி உள்ளேயே தங்கும். மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, பிறகு எலும்பு மஜ்ஜையை அழித்துக்கொண்டு வெளியே வரும். அப்போது டாக்டர் சரியில்லை என்பார்கள்.

இன்னொன்று. உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுகிறோம். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் இருப்பது கூட்டத்தில் சிறு பகுதி. வீட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யாமல் நாய்க்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே இருப்பது, லாகில் எரர் வருகிறது என்று லாக் ஃபைலை அழிப்பது மாதிரி.

*

ஐந்தாவது, தாய்மை.

பெண் நாய்க்குக் கருப்பை நீக்கம் செய்யச் சொன்னால் வரும் பதில் எல்லோருக்கும் மனப்பாடம். “பாவம் சார், ஒரு தடவையாவது அவ தாய்மையை அனுபவிக்கணும்.” சமூகம் பெண்கள் மேல் ஏற்றிய அந்தச் சுமையை எதிர்த்துக் கட்டுரை எழுதும் நண்பர்கள்கூட நாய் விஷயத்தில் இதைச் சொல்வார்கள். ஒரு ஈற்று போட்டால் ஆரோக்கியம் கூடும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் எதுவும் கிடையாது. நீக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இருக்கிறது. ஸ்வீடனில் பெண் நாய்களுக்குக் கருப்பை நீக்குவது முன்பு வழக்கமில்லை. அங்கே காப்பீட்டுக் கணக்குகளைப் பார்த்ததில், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டியிருந்தது. பருவம் முடிந்து சில வாரங்களில் தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும். சீழ் வெளியே வந்தால் கண்டுபிடித்துவிடலாம். உள்ளேயே அடைபட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். அப்போது செய்யும் அவசர அறுவைசிகிச்சையும் அதே கருப்பை நீக்கம்தான், சாகக் கிடக்கும் உடம்பில், பல மடங்கு ஆபத்தோடு. எந்த வயதில் செய்வது என்பது இனத்தையும் உடல் அளவையும் பொறுத்தது, அதை உங்கள் மருத்துவர் சொல்வார். செய்யலாமா வேண்டாமா என்பதைத் தாய்மைப் பாடல்களைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

அந்த ஆறு குட்டிகளும் எங்கே போகும் என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு நண்பர்கள் வீட்டுக்கு, இரண்டு தெருவுக்கு.

*

இப்போது எதிர்வாதங்கள்.

“கிராமத்துல மாட்டைக்கூடப் புள்ள மாதிரி வளத்தேன்னுதானே சொல்வாங்க?” சொல்வார்கள். எங்கள் அப்பத்தா “புள்ளையாட்ட வளத்தினேன்” என்றுதான் சொல்லும். ஆனால் விடிந்ததும் அது முதலில் பார்த்தது சாணியை. இறுகியிருக்கிறதா, கழிகிறதா, நாற்றம் எப்படி. மாடு அசை போடுவது நின்றால் மதியத்துக்குள் மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் போகும். கோமாரி ஊசி முகாம் என்றால் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்து நிற்கும். அந்தப் பேச்சில் பிள்ளை உவமை, கண்ணில் மாடு. நம் பேச்சிலும் பிள்ளை, கண்ணிலும் பிள்ளை. மருத்துவர் “மோஷன் எப்ப போச்சு, எந்த நிறம்” என்று கேட்டால் நமக்குத் தெரியாது. வாக்கிங் கூட்டிப் போகும் பையனுக்குத் தெரியும், அவரை நாம் கிளினிக்குக்கு அழைத்து வரவில்லை. அப்பத்தாவை ரொமான்டிசைஸ் செய்யவும் மாட்டேன், பால் வற்றிய மாட்டை அது சந்தைக்கு ஓட்டியது. ஆனால் எதை வளர்க்கிறோம் என்பதில் அதற்குக் குழப்பம் இருந்ததில்லை.

“டாக்டருங்க கொள்ளையடிக்கிறாங்க.” சில இடங்களில் உண்மை. சாதாரண வாந்திக்கு நான்கு ஸ்கேன் எழுதிய கிளினிக்கை நானும் பார்த்திருக்கிறேன். ‘பேபி’ என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டும் பேக்கேஜை விற்பதும் அவர்கள்தான். பெற்றோராக உங்களை நினைக்க வைத்தால் உங்களால் விலை கேட்க முடியாது என்று அந்த வியாபாரத்துக்குத் தெரியும். ஆகவே கேளுங்கள். இந்தப் பரிசோதனை எதற்கு, இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்று கேளுங்கள். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதன் மருத்துவமனை இருக்கிறது. மாவட்டந்தோறும் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. வரிசை நீளம், ஏசி கிடையாது, யாரும் உங்கள் நாயை பேபி என்று கூப்பிட மாட்டார்கள். அங்கே பெரும்பாலும் ஆடும் மாடும் நிற்கும் வரிசையில் நம் நாயும் நிற்பது நமக்கே ஒரு நல்ல பாடம்.

“அப்ப பாசமே வைக்கக் கூடாதா?” வையுங்கள். பாசத்தின் கணக்கை நான் வேறு இடத்தில் பார்க்கிறேன். மென்பொருளை எழுதி முடிப்பது வேலையில் சிறு பகுதி. பிறகு வருஷக்கணக்கில் அதை ஓடவைத்துக்கொண்டே இருப்பதுதான் பெரிய பகுதி, அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். நாய் வளர்ப்பும் அப்படித்தான். அடாப்ஷன் புகைப்படத்துக்கு முந்நூறு லைக் வரும். பூச்சி மருந்துத் தேதிக்கு ஒன்றும் வராது.

உவமையின் கடைசிச் சோதனை செலவும் முதுமையும் வரும்போது நடக்கிறது. பன்னிரண்டு வயது நாய்க்குச் சிறுநீரகம் போய்விட்டது, இடுப்பு எழவில்லை. அப்போது இரண்டு விதமான பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு வகை, ஈசிஆரில் ஏதோ ஒரு மீன்பிடிக் குப்பம் அருகே கார்க் கதவைத் திறந்து இறக்கிவிட்டு வருகிறது. கழுத்துப் பட்டை தழும்போடு தெருவில் நிற்கும் லாப்ரடாரையும் ஹஸ்கியையும் விலங்கு மீட்பு வேலை செய்யும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், கதை சொல்வார்கள். இன்னொரு வகை நல்லவர்கள். அவர்களால் விட முடியவில்லை. வலியில் முனகும் நாய்க்கு வாரக்கணக்கில் டிரிப் ஏற்றுகிறார்கள். மருத்துவர் தயங்கித் தயங்கிக் கருணைக்கொலை பற்றிப் பேசினால், “உங்க குழந்தையா இருந்தா செய்வீங்களா?” என்று கத்துகிறார்கள். அந்த மருத்துவருக்கு வாய் அடைத்துப் போகிறது. குழந்தைக்குச் செய்ய முடியாத ஒன்றை, வலியை நிறுத்துவது என்ற ஒன்றை, நாய்க்குச் செய்ய நமக்கு அனுமதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது எப்போது என்று நாயின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய நேரத்தில், அங்கே குழந்தையின் முகம் வந்து குறுக்கே நிற்கிறது. இந்த ஒரு சொல்லுக்காக அந்த நாய் கூடுதலாக மூன்று வாரம் துடிக்கிறது.

செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடுங்கள், மடியில் போட்டுக்கொள்ளுங்கள். அதையெல்லாம் நாய் விரும்புகிறது, நானும் எதிர்க்கவில்லை. அதோடு இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேலுதட்டைத் தூக்கி ஈறு ரோஜா நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள் முகர்ந்து பாருங்கள். விரலிடுக்குகளில் உண்ணி தேடுங்கள். விலாவைத் தடவுங்கள். பிறகு தடுப்பூசி அட்டையை எடுத்து, அடுத்த தேதி என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், நாளைக் காலை முதல் வேலை அது.